வியாழனும் அதன் நான்கு நிலவுகளும்: கொங்குப் பகுதியில் சிறு தொலைநோக்கி வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ தோட்டத்துச் சாளையிலோ நின்று, 60 முதல் 150 மி.மீ. வரை விட்டமுள்ள தொலைநோக்கியால் வியாழனைப் பார்க்க விரும்புவோருக்காக இந்தக் கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன. இணையத்தில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள பல அறிவுரைகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை.

வியாழனைப் பார்க்க எவ்வளவு பெரிய தொலைநோக்கி வேண்டும்?

நிலவுகளைக் காண்பது மட்டுமே நோக்கம் என்றால், 7×50 அல்லது 10×50 பைனாகுலரைச் சுவரின் மேல் சாய்த்துப் பிடித்தாலே போதும். கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று வியாழனுக்கு அருகில் மூன்று ஒளிப்புள்ளிகளையும், அடுத்த சில நாட்களில் நான்காவதையும் கண்ட கருவி ஏறத்தாழ 20 மடங்கு பெரிதாக்குவதுதான். அதன் லென்ஸ் இன்றைய தொடக்கநிலைக் கருவிகளின் லென்சைவிடப் பல மடங்கு தாழ்ந்த தரமுடையது. வியாழனின் மேகப் பட்டைகளையும் காண வேண்டுமென்றால், 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் (லென்சிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தொலைவு) கொண்ட எளிய லென்ஸ் தொலைநோக்கியிலிருந்து தொடங்கலாம். லென்சுக்குப் பதில் குழியாடி உள்ள 114 அல்லது 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி கிடைத்தால் பட்டைகளுக்குள் நுணுக்கங்கள் தெரியத் தொடங்கும். 150 மி.மீ. டாப்சோனியன் (எளிய மரத்தாங்கியில் சுழலும் நியூட்டோனியன்) ஒன்றை வாங்க முடிந்தவர்கள் பிறகு பல ஆண்டுகளுக்கு வேறு கருவியைத் தேட வேண்டியிருக்காது.

விட்டத்தைவிடத் தாங்கியைத்தான் முதலில் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து. நல்ல லென்சை ஆடும் முக்காலியில் பொருத்தினால், ஒவ்வொரு முறை குவியத்தைத் திருத்தும்போதும் படம் பல நொடிகள் நடுங்கும். பொறுமை அங்கேயே தீர்ந்துபோகும். மெல்லிய அலுமினியக் கால்கள் உள்ள முக்காலியைக் கால்களை நீட்டாமல் தாழ்வாக வைத்து, நடுவில் நான்கைந்து தேங்காய்களைப் பையில் போட்டுத் தொங்கவிட்டால் நடுக்கம் கணிசமாகக் குறையும்.

பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறதே, அது உண்மையா?

கணக்கு உண்மை, பயன் இல்லை. தொலைநோக்கியின் குவியத்தூரத்தை, கண்ணை வைத்துப் பார்க்கும் லென்சான ஐபீசின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 700 மி.மீ. கருவியில் 4 மி.மீ. ஐபீசைப் போட்டு, அதன் முன்னால் உருப்பெருக்கத்தைக் கூட்டும் 3 மடங்கு பார்லோ லென்சையும் சேர்த்தால் 525 வந்துவிடுகிறது. ஆனால் கருவியின் விட்டத்தை மி.மீட்டரில் எடுத்துக்கொண்டு அதை இரண்டால் பெருக்கினால் வரும் எண்தான் நடைமுறை எல்லை, 70 மி.மீ. கருவிக்கு அது 140. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், கூடவே மங்கிக் குழம்பும்.

வியாழனுக்கு 70 முதல் 120 மடங்கு வரை மிகவும் ஏற்றது. 45 நொடிக்கோணம் (ஒரு பாகையில் 3,600 நொடிக்கோணங்கள்) அகலமுள்ள வியாழன், 40 மடங்கிலேயே வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவின் அளவுக்குத் தெரியும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் முதல் முறை பார்ப்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் "இவ்வளவு சின்னதாகவா இருக்கும்?" என்றுதான் கேட்பார்கள். கருப்பு வானத்தில் ஒப்பிட வேறு பொருள் இல்லாததால் வரும் மயக்கம் அது.

வானத்தில் வியாழன் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரிலேயே பாதி விடை இருக்கிறது. வியாழன் சூரியனைச் சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆவதால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு ராசி நகர்கிறது. குருப்பெயர்ச்சி என்று நாம் சொல்வது அந்த நகர்வைத்தான். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நிரயன முறையைப் பின்பற்றுவதால், குரு மிதுனத்தில் இருப்பதாகக் காலண்டர் சொன்னால் வானத்திலும் அது மிதுன விண்மீன் குழுவிலோ அதை ஒட்டியோதான் இருக்கும். ராசிகள் சமமாகப் பிரிக்கப்பட்டவை, விண்மீன் குழுக்களோ சமமற்றவை என்பதால் ஓரங்களில் சற்று முன்பின் இருக்கலாம். பலன்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இருப்பிடத்தைப் பொறுத்தவரை காலண்டரை நம்பலாம்.

மற்றபடி, இரவு வானில் நிலவுக்கும் வெள்ளிக்கும் அடுத்து பெரும்பாலும் வியாழனே பிரகாசமானது. வெள்ளி ஒருபோதும் நள்ளிரவில் உச்சிக்கு வராது. ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் உயரத்தில் மினுக்கமில்லாமல் வெண்மஞ்சளாக ஒளிரும் பொருள் ஏறத்தாழ உறுதியாக வியாழன்தான்.

எந்த மாதங்கள் ஏற்றவை? நம் ஊர் மேகமும் காற்றும் இடம் தருமா?

பூமிக்கு ஒரு புறம் சூரியனும் நேர் எதிர்ப்புறம் வியாழனும் வரும் எதிரமைவு நாளில், வியாழன் சூரியன் மறையும்போது உதித்து நள்ளிரவில் உச்சத்துக்கு வருகிறது. அது ஏறத்தாழ 13 மாதங்களுக்கு ஒரு முறை நிகழ்கிறது: 2026-இல் ஜனவரி, 2027-இல் பிப்ரவரி, 2028-இல் மார்ச், 2029-இல் ஏப்ரல் என்று தள்ளிப்போகும். எதிரமைவு நாளை மட்டும் குறித்துவைத்துக்கொள்வதில் பொருளில்லை. அதற்கடுத்த மூன்று மாதங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வியாழன் உயரத்தில் இருப்பதால், குடும்பத்தோடு பார்ப்பதற்கு அந்தக் காலமே வசதி.

இந்த வரிசை நமக்கு இப்போது மிகச் சாதகமாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் கோடைமழை தொடங்கும் வரை நம் பகுதியில் தெளிந்த இரவுகள் அதிகம். 2029 வரையிலான எதிரமைவுகள் அந்தக் காலத்திலோ அதன் விளிம்பிலோ விழுகின்றன. 2031 ஜூன், 2032 ஜூலை எதிரமைவுகளோ தென்மேற்குப் பருவக்காற்றின் நடுவில் வரும். அப்போது நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு தொலைநோக்கியையும் உலுக்கிவிடும். மேகம் தனிக் கதை. ஆகவே கருவி வாங்க எண்ணியிருப்பவர்கள் தள்ளிப்போடாமல் இந்த ஆண்டுகளைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

காற்றுக் காலத்தைத் தவிர்த்துப் பார்த்தால், கொங்குநாட்டின் இருப்பிடமே பெரிய வரம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறோம். வியாழன் வானத்தின் தென்கோடிப் பகுதியில் இருக்கும் ஆண்டுகளிலும் நமக்கு அது 56 பாகை உயரம் வரை ஏறிவிடும். அதே ஆண்டுகளில் லண்டனில் அது 16 பாகையைக்கூடத் தாண்டாது. தாழ்ந்த பொருளைப் பார்க்கும்போது ஒளி தடித்த காற்றடுக்கைக் கடந்து வர வேண்டியிருப்பதால் படம் கலங்கும். அந்தத் தொல்லை நமக்கு இல்லை. மாறாக, வியாழன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் கழுத்து வலிக்கும் தொல்லை உண்டு. லென்ஸ் தொலைநோக்கிக்கு ஒளியை 90 பாகை திருப்பித் தரும் டயகனல் கட்டாயம் வேண்டும். டாப்சோனியனை நேர் உச்சியில் திருப்புவது சிரமம் என்பதால், வியாழன் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்ப்பது எளிது.

திருப்பூர் போன்ற ஊர்களின் வெளிச்சத்தில் வியாழன் தெரியுமா?

நன்றாகத் தெரியும். ஒளிமாசு விண்மீன் கூட்டங்களையும் நெபுலாக்கள் எனும் மங்கலான வாயு மேகங்களையும் மறைக்கும். வியாழனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். முழுநிலவு நாளும் தடையில்லை.

மொட்டை மாடி நல்லதா, வாசல் நல்லதா?

பலரும் உயரம் என்பதால் மாடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து, பதினொரு மணி வரை வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அந்த வெப்பக் காற்று மேலெழும்போது, ஓடும் வாய்க்கால் நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல வியாழனின் விளிம்பு நெளியும். மார்ச், ஏப்ரலில் இது மிக அதிகம். மண் வாசல், புல்தரை, தென்னந்தோப்பின் நடுவே உள்ள திறந்த வெளி ஆகியவை விரைவில் குளிர்ந்துவிடும். மாடிதான் வழி என்றால், மாலையில் தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு இரவு தாமதமாகப் பார்க்கலாம். பக்கத்து வீட்டு ஏ.சி. இயந்திரத்தின் வெப்பக் காற்றுக்கு மேலாகப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

சோமனூர், பல்லடம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கீழே விசைத்தறி ஓடும் கட்டடத்தின் மாடியில் தொலைநோக்கியை வைத்தால், காலுக்கு உறைக்காத அதிர்வுகூட 70 மடங்கில் வியாழனை ஒரு சிறு கோடாக இழுத்துக் காட்டும். அங்கே தறி நிற்கும் நேரம் பார்த்துத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

எங்கே வைத்தாலும், கருவியை அரை மணி நேரத்துக்கு முன்பே வெளியே கொண்டுவந்து, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் லென்சில் நீர் படிந்துவிடும்.

முதல் பார்வையில் என்ன தெரியும்?

சற்றுத் தட்டையான ஒரு வெண்மஞ்சள் வட்டும், அதன் நடுப்பகுதியின் இருபுறமும் இணையாக ஓடும் இரண்டு பழுப்புப் பட்டைகளும், வட்டுக்கு வெளியே ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் அமைந்த நான்கு வரையிலான ஒளிப்புள்ளிகளும் தெரியும். வட்டின் தட்டை கண்ணின் மயக்கமல்ல. 10 மணி நேரத்துக்கும் குறைவாகத் தன்னைத்தானே சுற்றிவிடும் வேகத்தால் வியாழனின் நடு விட்டம் 1,42,984 கி.மீ. ஆகவும், துருவ விட்டம் 1,33,708 கி.மீ. ஆகவும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சிறு கருவியிலேயே காணலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நொடிப்பொழுது பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடும் வழக்கம் வியாழனுக்கு ஒத்துவராது. காற்று அடங்கும் சில கணங்களில்தான் பட்டைகளின் ஓரச் சிதறல்கள் பளிச்சென்று தெரிந்து மறையும்; அந்தக் கணங்களுக்காகக் குறைந்தது பத்து நிமிடமாவது ஐபீசில் கண்ணை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

நான்கு நிலவுகளில் எது எது என்று எப்படி அடையாளம் காண்பது?

வியாழனுக்கு 90-க்கும் மேற்பட்ட நிலவுகள் இருந்தாலும், நம் கருவிக்கு எட்டுபவை கலிலியோ கண்ட நான்கு மட்டுமே. உள்ளிருந்து வெளியே அயோ, யூரோப்பா, கானிமீடு, காலிஸ்டோ என்பது அவற்றின் வரிசை. ஒரு சுற்றுக்கு அயோ 1.77 நாள், யூரோப்பா 3.55 நாள், கானிமீடு 7.15 நாள், காலிஸ்டோ 16.69 நாள் எடுத்துக்கொள்கின்றன. முதல் மூன்றின் காலங்கள் ஒன்றுக்கு ஒன்று ஏறத்தாழ இரட்டிப்பாக இருப்பது தற்செயல் இல்லை. ஒன்றையொன்று ஈர்த்து அவை அந்த ஒழுங்கில் பூட்டப்பட்டிருக்கின்றன.

வியாழனிலிருந்து தெரியும் தொலைவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வெளியே இருக்கும் காலிஸ்டோ தன் பாதையில் நமக்கு நேராக வரும்போது வியாழனை ஒட்டித் தெரியும். பொதுவாக, மிகப் பிரகாசமானது கானிமீடு, மங்கலானது காலிஸ்டோ, இலேசான மஞ்சள் சாயல் உள்ளது அயோ. உறுதிப்படுத்திக்கொள்ள ஸ்டெல்லேரியம் போன்ற கைபேசிச் செயலி உதவும். ஆனால் முதலில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வட்டமும் அதன் இருபுறமும் புள்ளிகளும் வரைந்து, நேரத்தைக் குறித்துவிட்டுப் பிறகு செயலியைத் திறப்பதே நல்ல பழக்கம். செயலியைப் பார்த்துவிட்டு ஐபீசுக்குப் போனால், கண் அது சொன்னதையே காணும்.

ஒரே இரவில் நிலவுகள் நகர்வதைப் பார்க்க முடியுமா?

முடியும். சிறு தொலைநோக்கி தரும் காட்சிகளிலேயே இதுதான் தலைசிறந்தது என்பேன். அயோ நொடிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. வியாழனின் முன்னாலோ பின்னாலோ கடக்கும்போது, வட்டின் முழு அகலத்தையும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் தாண்டிவிடும். அயோ வட்டின் விளிம்பை ஒட்டி இருக்கும் வேளையில் ஒரு படம் வரைந்துவிட்டு, சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால் இடைவெளி மாறியிருப்பது யாருக்கும் தெரியும்.

நேற்று நான்கு நிலவுகள் தெரிந்தன, இன்று இரண்டுதான் தெரிகின்றன. ஏன்?

காணாமல்போகும் நிலவு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: வியாழனுக்கு முன்னால், வியாழனுக்குப் பின்னால், அல்லது வியாழனின் நிழலுக்குள்.

முன்னால் கடக்கும் நிலவை வெளிறிய மேகங்களின் மேல் பிரித்தறிவது சிறு கருவியில் கடினம். ஆனால் அந்த நிலவு வியாழனின் மேல் வீழ்த்தும் நிழல் மைப்புள்ளியாகத் தெரியக்கூடும். கானிமீட்டின் நிழல் பெரியது. நல்ல காற்றமைதியுள்ள இரவில் 80 மி.மீ. கருவியில் முயன்று பார்க்கலாம். அயோ, யூரோப்பா நிழல்களுக்கு 100 மி.மீ.-க்கு மேல் இருந்தால் நல்லது. எதிரமைவுக்கு முன் நிழல் முன்னே போகும், நிலவு பின்தொடரும். எதிரமைவுக்குப் பின் வரிசை தலைகீழாகும்.

மூன்றிலும் வியப்பூட்டுவது நிழலுக்குள் நிகழும் மறைவு. எதிரமைவுக்குப் பிந்தைய மாதங்களில் வியாழனின் நிழல் கிழக்குப் பக்கம் சாய்ந்திருப்பதால், வியாழனுக்குப் பின்னால் போன அயோ விளிம்பில் வெளிப்படாமல், வட்டிலிருந்து விலகி வெற்று வானத்தில் திடீரென்று தோன்றும். குறித்த நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பே கண்ணை வைத்தால், ஒன்றுமில்லாத இடத்தில் ஊசிமுனை அளவு ஒளி பிறந்து, மூன்று நான்கு நிமிடங்களில் முழுப் பிரகாசம் அடைவதைக் காணலாம். நேர அட்டவணைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதனுடன் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் நம் நேரம். அட்டவணையில் 14:30 என்றிருந்தால் நமக்கு இரவு 8 மணி.

காலிஸ்டோ மட்டும் சில ஆண்டுகள் வியாழனின் முன்னும் பின்னும் கடக்கும். அடுத்த சில ஆண்டுகள் மேலும் கீழுமாக விலகிப் போய்விடும். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை நிலவுகளின் சுற்றுத்தளம் நமக்கு விளிம்பாக வரும்போது, ஒரு நிலவு இன்னொன்றை மறைப்பதும் நடக்கும். 2021-க்கு அடுத்து 2026–27 அத்தகைய காலம்.

பெரிய செம்புள்ளி தெரியுமா?

70 மி.மீ. கருவியில் எதிர்பார்க்க வேண்டாம். 114 மி.மீ.-க்கு மேல், காற்று அமைதியான இரவில், தென்பட்டையின் ஓரத்தில் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முட்டை வடிவம் தெரியலாம். அது நூறாண்டுக்கும் மேலாகச் சுருங்கி வருகிறது. வியாழன் சுழல்வதால் அது நமக்கு நேராக வரும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். இன்று இரவு 8 மணிக்கு நடுவில் தெரிந்தால், நாளை மறுநாள் ஏறத்தாழ 9.40-க்கு மீண்டும் நடுவில் இருக்கும்.

படம் தலைகீழாகத் தெரிகிறது. கருவியில் கோளாறா?

இல்லை. நியூட்டோனியன் தலைகீழாகவும், டயகனல் பொருத்திய லென்ஸ் கருவி இடவலமாகவும் மாற்றிக் காட்டும். திசை அறிய, கருவியை அசைக்காமல் விடுங்கள்: வியாழன் பார்வைப் புலத்தின் எந்த ஓரத்தில் வெளியேறுகிறதோ அதுவே மேற்கு. 70 மடங்கில் அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக மூன்று நிமிடம் வரை ஆகும்.

கண்ணாடி அணிந்த பெரியவர்கள் எப்படிப் பார்ப்பது?

கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருத்திக்கொள்ளலாம். உருளைப்பார்வைக் குறை (அஸ்டிக்மாட்டிசம்) இருப்பவர்கள் கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது. தாத்தா பார்த்து முடித்ததும் பேரன் வந்து "ஒன்றும் தெரியவில்லை" என்றால், குவியம் தாத்தாவின் கண்ணுக்கு வைத்தபடியே இருக்கிறது என்று பொருள்.

கைபேசியால் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். தானியங்கி முறையில் வியாழன் வெள்ளைப் பொட்டாகிவிடும். ஐபீசில் கைபேசியைப் பிடித்துவைக்கும் கவ்வி ஒன்றைப் பொருத்தி, வியாழனின் மேல் விரலை அழுத்திக் குவியத்தைப் பூட்டி, ஒளியளவைக் குறைத்தால் பட்டைகள் வரும். அப்போது நிலவுகள் மறையும். நிலவுகளுக்குத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும். ஒற்றைப் படத்தைவிட ஒரு நிமிடக் காணொளி எடுத்து, அதிலுள்ள நல்ல சட்டங்களை (ஃபிரேம்களை) மென்பொருளால் அடுக்கிச் சேர்ப்பது மிகத் தெளிவான முடிவைத் தரும்.

இப்படிப் பார்ப்பதால் அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா?

இதே நிலவுகளின் மறைவு நேரங்களைக் குறித்துவைத்ததிலிருந்துதான் ஒளிக்கு வேகம் உண்டு என்பதை 1676-இல் டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர் நிறுவினார். பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அயோவின் மறைவுகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாயின. கூடுதல் தொலைவைக் கடக்க ஒளி எடுத்துக்கொண்ட நேரமே அந்தத் தாமதம். நம் மாநிலத்திலும் ஒரு வரலாறு உண்டு: ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்திலிருந்து 1972-இல் கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அளந்து, அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதாக ஒரு கூட்டுக்குழு கூறியது. பிறகு வாயேஜர் விண்கலம் அந்த அளவை ஏற்க முடியாது என்று காட்டியது. ஆனாலும் கானிமீட்டைச் சுற்றி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலம் இருப்பது பின்னர் தெரியவந்தது. இன்றைய வீட்டுத் தொலைநோக்கியில் புதுக் கண்டுபிடிப்பு எதிர்பார்ப்பது மிகை. ஆனால் ரோமர் கண்ட தாமதத்தைக் கடிகாரமும் நோட்டும் வைத்துக்கொண்டு ஒரு பள்ளி மாணவர் சில மாதங்களில் தானே சரிபார்க்க முடியும்.

குழந்தைகளிடம் கருவியைக் கொடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

பகலில் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. கண் அந்தக் கணமே போய்விடும். சில மலிவுக் கருவிகளோடு ஐபீசில் திருகும் கருப்புச் சூரிய வடிகட்டி ஒன்று வரும். அது வெப்பத்தில் வெடிக்கக்கூடியது. பெட்டியைத் திறந்த அன்றே அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பஞ்சுத் தூசியும் ஈரமும் உள்ள ஊரில் கருவியை எப்படிப் பாதுகாப்பது?

நூற்பாலை, பனியன் கம்பெனி, ஜின்னிங் பட்டறை ஆகியவற்றின் அருகில் இருப்பவர்களுக்கு மெல்லிய பஞ்சிழைகள்தான் பெரிய தொல்லை. பார்த்து முடித்ததும் பனி படிந்திருந்தால், கருவியை நிழலில் உலரவிட்டுப் பிறகு மூடியைப் போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் போட்டுவைக்கலாம். தூசி தெரிகிறதே என்று கண்ணாடியைத் துணியால் துடைப்பதுதான் தூசியைவிடக் கெடுதல். ரப்பர் ஊதுகுழலால் ஊதிவிட்டால் போதும். எஞ்சும் சில துகள்களால் வியாழனின் படம் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைவதில்லை.